மிக்கியோடு காலை உணவு

கேள்வி: ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் பேரக்குழந்தைகள் இருவருடன் செல்லவிருக்கிறோம். மிக்கி மவுஸ் மேசைக்கே வந்து பேசும் காலை உணவுக்குப் பணம் செலவிடலாமா?

பதில்: தாராளமாகச் செலவிடலாம். 1971-இல் திறக்கப்பட்ட கன்டெம்பரரி ரிசார்ட்டில் உள்ள ‘ஷெஃப் மிக்கீஸ்’ உணவகத்தையே பரிந்துரைக்கிறேன். அது ஹோட்டலுக்குள் இருப்பதால் பூங்கா நுழைவுச்சீட்டு தேவையில்லை. 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும், தள்ளிப்போடாதீர்கள். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் பத்து வயதானவருக்குப் பெரியவர்களுக்கான கட்டணம்தான்.

காது முளைத்த வாஃபிளைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும் குழந்தை, கட்டடத்தின் ஊடாகவே மோனோரயில் வழுக்கிச் செல்வதை அண்ணாந்து பார்த்து, வாயிலிருந்ததை மெல்ல மறந்துபோவதைக் காண்பது தனி இன்பம். மிக்கி, மின்னி, டொனால்டு, கூஃபி, புளூட்டோ ஆகியோர் ஒவ்வொரு மேசையாக வருவார்கள் என்பதால், படம் எடுப்பதற்காக நீங்கள் எழுந்து ஓட வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய உருவத்தை அருகில் கண்டதும் சிறு குழந்தை மிரண்டு அழக்கூடும். அப்போது படத்துக்காக வற்புறுத்தாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், தூரத்திலிருந்து கையசைத்தாலே போதும். சைவ உணவு வேண்டுமென்றால் முன்பதிவின்போதே குறிப்பிட்டுவிடுங்கள்.