மருந்துச் சீட்டில் ‘ஓ.டி.’: தினம் ஒரு வேளையா, வலது கண்ணா?

கேள்வி: அம்மாவுக்குப் போன வாரம் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. சீட்டில் சொட்டு மருந்துக்கு நேராக ‘ஓ.டி.’ என்று எழுதியிருக்கிறது. பல வருடமாக அவர் போடும் பிரஷர் மாத்திரைக்கு நேராகவும் அதே ‘ஓ.டி.’ இருக்கிறது. மாத்திரையைத் தினம் ஒன்றுதான் போடுகிறார். அப்படியானால் சொட்டு மருந்தும் தினம் ஒரு வேளைதானா?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரைக்கு நேராக வரும் ஓ.டி. என்றால் ‘ஒன்ஸ் டெய்லி’, அதாவது நாளைக்கு ஒரு வேளை. கண் டாக்டர்கள் எழுதும் ஓ.டி. வேறு. அது ‘ஆக்குலஸ் டெக்ஸ்டர்’ என்ற லத்தீன் பெயரின் சுருக்கம். பொருள் வலது கண். இடது கண்ணுக்கு ஓ.எஸ்., இரண்டுக்கும் சேர்த்து ஓ.யூ. கண்ணாடிக்கு பவர் எழுதித் தரும் சீட்டிலும் இதே எழுத்துகளைப் பார்க்கலாம்.

அம்மாவின் சீட்டில் அந்த ஓ.டி.க்குப் பக்கத்திலேயே எத்தனை வேளை என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, க்யூ.ஐ.டி. என்றால் நான்கு வேளை. அப்படி இருந்தால் ஓ.டி. வலது கண்ணைத்தான் குறிக்கிறது. எதுவுமே இல்லையென்றால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேளுங்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு தரும் ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு சொட்டுகளை வழக்கமாக ஒரு நாளில் பல வேளை விடச் சொல்வார்கள். ஸ்டீராய்டை வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். ஆனால் வீக்கத்துக்கான சில சொட்டுகள் உண்மையிலேயே தினம் ஒரு வேளைதான். அதனால் ஊகித்து முடிவெடுக்கக் கூடாது. இதுவரை குறைவாக விட்டிருந்தால் அதை ஈடுகட்ட ஒரே நேரத்தில் நிறைய விட வேண்டாம். இரண்டு விதச் சொட்டு இருந்தால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் உடனே நேரில் போய்விடுங்கள்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதல்ல. மருந்துப் பிழைகளைக் கவனித்து எச்சரிக்கும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமெரிக்க அமைப்பு, தவிர்க்க வேண்டிய சுருக்கங்களின் பட்டியலில் ஓ.டி.யையும் சேர்த்திருக்கிறது. ‘தினம் ஒரு வேளை’ என்பதை ‘வலது கண்’ என்று படித்துவிட்டு, குடிக்க வேண்டிய திரவ மருந்தைக் கண்ணில் விட்டுவிடும் ஆபத்தை அது காரணமாகச் சொல்கிறது. நம் டாக்டர்களிலும் பலர் வலது கண்ணுக்கு ஆர்.இ., இடது கண்ணுக்கு எல்.இ. என்று எழுதுகிறார்கள். எல்லோரும் அப்படியே எழுதினால் எவ்வளவோ நல்லது.

அப்புறம், மருந்தின் பெயருக்குக் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ஓ.டி. ஒன்று இருக்கிறது. அட்டையில் அது அச்சடித்திருந்தால், பெரும்பாலும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை வெளிவிடும்படி செய்த மாத்திரை என்று பொருள். அதைப் பொடித்தால் முழு நாளுக்கான மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். முழுசாக விழுங்க அம்மா சிரமப்பட்டால் நசுக்கிக் கொடுக்காமல், வேறு வடிவில் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கல்லூரியில் பிள்ளைகள் வாங்கும் ஓ.டி. ஆன் டியூட்டி, வங்கியில் கேட்கும் ஓ.டி. ஓவர் டிராஃப்ட். அவை மாறிப்போனால் உயிருக்கு ஆபத்தில்லை.

சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று பார்த்தும் சிலர் பயந்துபோகிறார்கள். அது அவசர ஆபத்துக்கான அழைப்பு இல்லை. ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று அர்த்தம். வலி மாத்திரைக்கு நேராக அது இருந்தால் வலி இல்லாத நாளில் போட வேண்டியதில்லை. வலி இருந்தாலும் ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை போடலாம், நடுவில் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்ற இரண்டையும் டாக்டரிடம் கேட்டு, மருந்துக் கடையில் சொல்லி அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் சொட்டு மருந்துப் பெட்டியிலும் ‘வலது கண், இத்தனை வேளை, இந்தத் தேதி வரை’ என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.