வெறும் விறகு

கேள்வி: எழுத்தாளர் ரொமேன் ரொலான் பிறந்த பிரான்ஸின் க்ளாம்ஸி, ஆற்றங்கரையில் வெறும் விறகு வியாபாரம் நடந்த சின்ன ஊர்தானாமே! அதற்கெல்லாம் ஒரு வரலாறா?

பதில்: ‘வெறும்’ என்ற சொல் எனக்கு ஆகாது. எங்கள் ஆபீஸில் “வெறும் இட்லிதானா?” என்று அலுத்துக்கொள்பவர்தான் ஆறு இட்லி சாப்பிடுகிறார்.

அந்த வெறும் விறகில்தான் முந்நூறு வருஷத்துக்கு மேல் பாரிஸ் குளிர்காய்ந்தது. மோர்வான் காட்டில் வெட்டிய கட்டையின் முனையில் வியாபாரி முத்திரைச் சுத்தியலால் ஒரு அடி. பிறகு ஓடையில் வீச வேண்டியது. மதகைத் திறந்தால் எல்லார் கட்டையும் கலந்துகட்டி யோன் ஆற்றுக்கு வந்துவிடும். க்ளாம்ஸியில் மடக்கி, முத்திரை பார்த்துப் பிரித்து, தெப்பமாகக் கட்டிப் பாரிஸுக்கு விடுவார்கள். தெப்பக்காரர் ஊர் திரும்புவது நடந்து.

கட்டுரைகளுக்கும் அப்படியொரு சுத்தியல் இருந்தால் தேவலை. ஒருவர் (பெயர் வேண்டாம், இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பார்) என் பழைய தலையங்கத்தையே தன் கட்டுரை என்று எனக்கு அனுப்பினார். ஒரு காற்புள்ளி மாறவில்லை. திருப்பி அனுப்பினேன். ‘தரம் புரியாத ஆசிரியர்’ என்று இன்னொரு பத்திரிகையில் எழுதினார். தலையங்கம் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன்.

1851 டிசம்பரில் பிரான்ஸின் அன்றைய ஜனாதிபதி லூயி நெப்போலியன் அதிகாரத்தைச் சுருட்டிக்கொண்டபோது இந்த ஊர் ஆயுதத்தோடு எழுந்தது. பலரை நாடுகடத்தினார்கள். ரொலான் பிறந்தது 1866-ல். காந்தியைப் பற்றி அவர் புத்தகம் போட்டது 1924-ல். இதெல்லாம் எங்கும் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது பிஷப் கதை. சிலுவைப்போருக்குப் போன நெவேர் பிரபு நான்காம் கியோம் 1168-ல் பாலஸ்தீனத்தில் இறந்தார். க்ளாம்ஸியில் தனக்கிருந்த ஆஸ்பத்திரியைப் பெத்லகேம் பிஷப்புக்கு எழுதிவைத்திருந்தார். பிறகு பெத்லகேம் கிறிஸ்தவர்கள் கைவிட்டுப் போனது. பிஷப் இங்கே வந்துவிட்டார். பிரெஞ்சுப் புரட்சி வரை, ஒருவர் பின் ஒருவராகப் ‘பெத்லகேம் பிஷப்’ இந்த ஆற்றங்கரையில்! ஆளுகை, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியும் சுற்றிக் கொஞ்சம் இடமும். பாலம் தாண்டினால் ஒசேர் பிஷப்பின் எல்லை. காலாற நடந்தாலே அதிகாரம் போய்விடும். கட்சி உடைந்து, சின்னம் முடங்கி, லெட்டர்பேடு மட்டும் மிஞ்சிய பொதுச்செயலாளர்கள் நம்மூரிலும் உண்டு; ஆனால் ஐந்நூறு வருஷம் தாக்குப்பிடித்தவர் யார்?

அந்தப் பிஷப்புகளுடைய கோயில் பிற்பாடு ஓட்டலாகிவிட்டது. இட்லி கிடையாது.