பெல்ட் எதைத் தாங்கியது?

மதிப்பிற்குரிய ஐயா,

ஆடைகளைப் பற்றிய தங்கள் கட்டுரையை வகுப்பில் வாசித்தோம். கால்சட்டை நழுவாமலிருக்க ஐரோப்பியர் கண்டுபிடித்து, பிறகு அலங்காரமாக நம்மிடம் வந்ததுதான் பெல்ட் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். இது சரியா?

ஓர் ஆசிரியை, கோத்தகிரி

அன்புள்ள ஆசிரியைக்கு,

சரியல்ல. கால்சட்டையைத் தாங்குவது பெல்ட்டுக்கு மிகவும் பிந்தி வாய்த்த வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கால்சட்டையின் இடுப்பு உயரமாக இருந்ததால், தோள்வழியே செல்லும் வார்களே பெரும்பாலும் அதைப் பிடித்திருந்தன. லீவைஸ் நிறுவனம் தன் ஜீன்ஸில் பெல்ட் நுழைக்கும் பட்டிகளைத் தைக்கத் தொடங்கியதே 1922-இல்தான்.

அதற்கு முன் பெல்ட், கையில் வைத்திருக்க முடியாதவற்றை உடலோடு சேர்த்து வைக்கும் கருவியாகவே இருந்தது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்ஸி என்னும் மனிதனின் கன்றுத்தோல் பெல்ட்டில் ஒரு பை தைக்கப்பட்டிருந்தது. சிக்கிமுக்கிக் கல்லில் செதுக்கிய சுரண்டியும் துளைக்கருவியும், எலும்புக் குத்தூசியும், தீ மூட்டுவதற்கான உலர்ந்த காளானும் அதற்குள் இருந்தன. அவன் தோல் கோவணத்தைப் பிடித்திருந்ததும் அதே பெல்ட்தான். நம் அரைஞாண் கயிறு செய்துவரும் வேலை அது. உதகை மார்க்கெட்டில் காய்கறி வியாபாரிகள் வேட்டிமேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். டிச் பட்டன் வைத்த அதன் பைகளில் பணமும் சீட்டும் இருக்க, இரு கைகளும் மூட்டை தூக்கக் காலியாக இருக்கின்றன. ஓட்ஸியின் பெல்ட்டுக்கு நேர் வாரிசு என்று நான் கருதுவது இதைத்தான், கடையில் பளபளக்கும் மெல்லிய தோல்பட்டையை அல்ல.

ராணுவ முகாம் உள்ள வெலிங்டன் உங்கள் ஊருக்கு அருகில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அணிவகுப்பில் ராணுவ அதிகாரிகள் இடுப்பிலும், வலத்தோளுக்குக் குறுக்கேயும் அணியும் தோல் வாருக்குச் சாம் பிரவுன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் பெயர் வழங்குகிறது. 1858-இல் நடந்த சண்டையில் இடக்கையை இழந்த அந்த அதிகாரி, வாளை உருவும்போது உறையைப் பிடித்துக்கொள்ள மறு கை இல்லாததால், உறை அசையாமல் நிற்பதற்கென்று அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஒருவருடைய உடற்குறைக்குப் பிறந்த தீர்வு, வாள் போன பின்பும் பதவியின் அடையாளமாக நிலைத்துவிட்டது.

பெல்ட் மதிப்பைக் குறிப்பது அதனினும் பழைய வழக்கம். தவறிழைத்த வீரர்களை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் சில வேளைகளில் இடைவார் இல்லாமல் தளபதியின் கூடாரத்தின் முன் நாள் முழுவதும் நிற்கவைத்தார். அழகோ, அதற்கும் நாம் எவரையும் எதிர்பார்த்திருக்கவில்லை. சோழர் காலச் செப்புத்திருமேனிகளின் இடைக்கச்சையில் சிங்கமுகப் பூட்டு எவ்வளவு நுட்பமாக வார்க்கப்பட்டிருக்கிறது என்பதை மாணவர்களுக்குப் படத்திலேனும் காட்டுங்கள்.

அப்படியே, தேயிலை பறிக்கும் பெண்கள் ஈரச்செடியும் கிளைகளும் சேலையைக் கிழிக்காதிருக்க முரட்டுச் சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ சுற்றி இடுப்பில் கயிற்றால் இறுக்குவதையும் பாடத்தில் சேருங்கள். தோலும் பக்கிளும் இல்லாவிட்டாலும் அதுவும் பெல்ட்தான். உங்கள் மாணவர்களில் சிலருக்கு அதைக் கட்டும் முறை வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

அன்புடன்.