சிந்த் சேர்த்தால் மெட்டல் இல்லையா?

கேள்வி: நண்பர்களோடு மெட்டல் பேண்ட் நடத்துகிறேன். கிடாரோடு சிந்த் (சிந்தசைசர்), எலக்ட்ரானிக் பீட் எல்லாம் சேர்க்க ஆசை. எங்கள் டிரம்மர், "அதெல்லாம் டிஜே வேலை, மெட்டலே கிடையாது" என்கிறார். என் ரசனையில் ஏதாவது கோளாறா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கோளாறு எதுவும் இல்லை. உங்கள் டிரம்மர் "எனக்குப் பிடிக்கவில்லை" என்றால் அது அவர் ரசனை, அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் "மெட்டலே கிடையாது" என்றால் நடந்த கதை வேறு. பிரிட்டிஷ் மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்ட் 1986லேயே 'டர்போ' ஆல்பத்தில் கிடார் சிந்தசைசரைப் பயன்படுத்திவிட்டார்கள், பழைய ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை என்பதும் உண்மைதான். மெட்டல் பிறந்த ஊர் என்று எல்லோரும் சொல்கிற பர்மிங்ஹாமிலிருந்தே வந்த காட்ஃபிளெஷ் குழு, 1989ல் 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆல்பத்தை டிரம்மரே இல்லாமல் டிரம் மெஷினை வைத்துச் செய்தது. கேட்டுப் பாருங்கள். ஆள் கிடைக்காததால் மெஷின் வைத்தது போலவே இருக்காது, அந்த மெஷின் கொஞ்சம்கூட இளகாமல் ஒரே கனத்தில் இடித்துக்கொண்டே இருப்பதுதான் பாட்டின் பயங்கரமே. 1995ல் அமெரிக்க மெட்டல் குழுவான ஃபியர் ஃபேக்டரியின் 'டிமேனுஃபேக்சர்' வந்தபோது கிடார் ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) டபுள் கிக்கும் (இரண்டு காலாலும் அடிக்கும் பேஸ் டிரம்) ஒரே இயந்திரம் போலப் பூட்டிக்கொண்டன, பின்னால் கீபோர்டும் சாம்பிளும் (பதிவு செய்த ஒலித்துண்டுகள்) செய்தவர் எலக்ட்ரானிக் இசையிலிருந்து வந்த ரீஸ் ஃபுல்பர்.

இன்னொன்று. நாம் சென்னைக்காரர்கள். சிந்த் பேஸும் சீக்வென்சரும் (நோட்டுகளைத் தானாக ஓடவிடும் கருவி) சினிமாப் பாட்டு வழியாகச் சின்ன வயதிலேயே காதில் ஏறிவிட்டன. கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவை இங்கேதான் ஆரம்பித்தார். இந்த ஊரில் வளர்ந்த ஒருவருக்கு டிஸ்டார்ஷன் கிடாரும் சிந்தும் சேர்ந்து கேட்கத் தோன்றுவது எனக்கு மிக இயல்பாகப் படுகிறது.

ஆனால் என் ரசனையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் எட்டு பார் (தாளச் சுற்று) மட்டும் பளபளவென்று சிந்த் வந்துவிட்டு, கிடார் நுழைந்ததும் காணாமல் போகிற பாட்டுகள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சிந்தை மியூட் செய்து கேளுங்கள். பாட்டு அப்படியே இருந்தால் அது தேவையே இல்லை என்று அர்த்தம். ரிஃப் எழுதும்போதே சிந்துக்கு ஒரு வேலை கொடுங்கள், எல்லாம் முடிந்த பிறகு மேலே தூவாதீர்கள். அந்த வேலை என்ன என்பதை டிரம்மரோடு உட்கார்ந்தே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் எலக்ட்ரானிக் பீட் வந்தால் முதலில் மாறப்போவது அவர் வாசிப்புதான்.

கேள்வி: வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்கிறேன். சிந்த் பேஸ் சேர்த்ததும் கிடாரும் கிக்கும் அமுங்கிவிடுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. சாதாரண ட்யூனிங்கில் ஆறாவது கம்பியே சுமார் 82 ஹெர்ட்ஸ். ஏழு கம்பிக் கிடாரின் கீழ் பி சுமார் 62. கிக்கின் கனமும் அந்தப் பக்கம்தான், சிந்த் பேஸும் அங்கேயே வந்து உட்கார்ந்தால் எதுவும் கேட்காது. கிடாரில் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தைரியமாக வெட்டுங்கள். தனியாகக் கேட்டால் ஒல்லியாகத் தெரியும், மொத்தமாகக் கேட்கும்போது சரியாக இருக்கும். அடிப்பகுதியில் சிந்த் பேஸ் அல்லது பேஸ் கிடார், இரண்டில் ஒன்று மட்டும்.

சைட்செயின் போட்டும் பார்த்திருப்பீர்கள், கிக் விழும்போதெல்லாம் சிந்த் தாழும். டான்ஸ் பாட்டில் அது அழகாக வேலை செய்யும், ஏனென்றால் கிக்குகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. 200 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 200 பீட்) பதினாறாம் நோட்டாக டபுள் கிக் ஓடினால் நொடிக்கு 13 அடிக்கு மேல், இரண்டு அடிக்கு நடுவே 75 மில்லிசெகண்ட்தான். ரிலீஸ், அதாவது தாழ்ந்த சிந்த் பழைய அளவுக்குத் திரும்ப எடுக்கும் நேரம், அதைவிட நீளமாக இருந்தால் சிந்த் தாழ்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே முடியாது. அந்தப் பகுதிகளில் சைட்செயினை எடுத்துவிட்டு, சிந்துக்கு ஒரு ஆக்டேவ் மேலே நீளமான நோட்டுகள் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மேடையில் லேப்டாப் ஓடவிட்டு வாசிப்பது ஏமாற்று வேலையா?
– வாசகி, தாம்பரம்

பதில்: இல்லை. கிடாரையும் குரலையும் லேப்டாப்பில் ஓடவிட்டு வாசிப்பதுபோல் நடித்தால்தான் ஏமாற்று. முடிந்தால் சிந்தை ஒருவர் கையாலேயே வாசிக்கட்டும். 2009ல் சென்னை ஐஐடியின் சாரங் விழா மேடைக்கு வந்த ஸ்வீடன் மெட்டல் குழுவான ஓபெத்தில் கீபோர்டுக்காரர் குழுவின் முழு உறுப்பினர்தான். லேப்டாப்தான் என்றால், இடது பக்கம் கிளிக் (தாளம் காட்டும் டிக் ஒலி), வலது பக்கம் டிராக் (முன்பே பதிவு செய்த இசை) என்று பிரித்து, கிளிக் டிரம்மரின் ஹெட்போனுக்கு மட்டும் போகும்படி வையுங்கள். கல்லூரி விழாக்களில் சவுண்ட் செக்குக்கு நேரமே தரமாட்டார்கள், அதனால் வயர், டிஐ பாக்ஸ் (லேப்டாப்பை சவுண்ட் சிஸ்டத்தோடு இணைக்கும் பெட்டி) எல்லாம் நீங்களே கொண்டுபோங்கள். அப்புறம், டிராக் பாதியில் நின்றால் எந்த இடத்திலிருந்து வெறும் கிடாரும் டிரம்ஸுமாகத் தொடர்வது என்பதையும் ரிகர்சலிலேயே வாசித்துப் பழகிவிடுங்கள்.