நிறுவியின் எழுத்துருவில் எதை வைப்பது, எதை வெட்டுவது? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நிறுவி (இயங்குதளத்தைக் கணினியில் ஏற்றும் நிரல்) பல மொழிகளில் வருகிறது. எழுத்துருக்களே பெரும் இடத்தைப் பிடிக்கின்றன. தேவையற்ற எழுத்துகளை வெட்ட எங்கே தொடங்குவது?

பதில்: மொழிபெயர்ப்புக் கோப்புகளில் வரும் எழுத்துகளை நிரல் எழுதித் திரட்டுங்கள். அது பாதி வேலைதான். பயனர் தட்டும் பெயர், வைஃபையின் பெயர், வட்டுக்கு இட்ட பெயர் எதுவும் அந்தக் கோப்புகளில் இருக்காது. யூனிகோடின் தமிழ்த் தொகுதியில் 72 குறியெண்கள்தான் (ஓர் எழுத்துக்கோ குறிக்கோ தரப்படும் எண்). அதில் கை வைக்காதீர்கள். சீனம், ஜப்பானியம், கொரியம்தான் வெட்டுக்குரியவை. கொரிய அசைகள் மட்டுமே 11,172.

கேள்வி: வெட்டியபின் ‘து’ உடைந்து, த தனியாகவும் உகரக் குறி தனியாகவும் தெரிகிறது சார்.

பதில்: ‘து’ வடிவத்துக்குத் தனிக் குறியெண் கிடையாது. எழுத்துருவின் ஜிசப் (GSUB) அட்டவணைதான், அதாவது எந்த எழுத்துகள் சேர்ந்தால் எந்த வடிவம் என்று சொல்லும் பட்டியல்தான், அதைத் தருகிறது. குறியெண்களை மட்டும் பார்த்து வெட்டினால் அந்த வடிவம் போய்விடும். எழுத்துருவை வெட்டும் பைஎஃப்டிசப்செட் (pyftsubset) கருவி அட்டவணையைப் பின்தொடர்ந்து தேவையான வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளும். அதைக்கொண்டு வெட்டுங்கள்.

கேள்வி: லினக்ஸ் உரைத்திரையில் (படமின்றி எழுத்து மட்டும் வரும் திரை) 512 வடிவங்களுக்கு இடம் உண்டே. தமிழ் எழுத்துகள் 247தான். பிறகு ஏன் தமிழுக்கு வரைகலை நிறுவி?

பதில்: எண்ணிக்கையில் இடிக்கவில்லை. கிரந்தத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்தாலும் அடங்கும். 512 எடுத்தால் பளிச்சென்ற நிறங்கள் போகும், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் வேறு. அந்தத் திரை குறியெண்களை வந்த வரிசையிலேயே கட்டங்களில் வரையும். ‘கெ’யில் க முதலில், எகரக் குறி பிறகு சேமிக்கப்படுகிறது. குறியை முன்னால் நகர்த்த அங்கே ஆளில்லை.

கேள்வி: டேஸ்16 (TACE16, தமிழுக்கான வேறொரு குறியீட்டு முறை) போல உயிர்மெய்க்கு ஒரே குறியெண் கொடுத்தால்?

பதில்: வரிசை சரியாகும், அகலம் சரியாகாது. கட்டம் வழக்கமாக 8 புள்ளி அகலம். அதில் ‘ணௌ’வை எழுதிப் பாருங்கள், எந்தக் கோடு எதற்கென்றே தெரியாது. படிக்க முடியாத தமிழைத் தருவதைவிட வரைகலைத் திரையில், எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) நிரல் வழியாக ஒழுங்காகக் காட்டுவதே மரியாதை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: மொழிபெயர்ப்புக் கோப்பில் உள்ள எழுத்துகள் மட்டும் போதுமா?

பதில்: போதாது. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மொழியைத் தேர்ந்தபின் அதன் எழுத்துருவை மட்டும் ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம். ஆனால் முதல் திரையின் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் எழுத்திலேயே வர வேண்டும். அந்த எழுத்துகளுக்கென ஒரு சிறு எழுத்துரு முன்பே இருக்கட்டும்.

கேள்வி: பயனர் பெயர் எழுத்துக்குப் பதில் வெற்றுப் பெட்டிகளாக வருகிறது. கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறதே?

பதில்: மறுபடியும் அதேதான். தட்டப்படும் எழுத்து கோப்பில் இருக்காது.

கேள்வி: உரிமம்?

பதில்: எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால், வெட்டிய பிரதிக்கு வேறு பெயர் வையுங்கள்.