நாலு எழுத்தில் பொருத்தம் பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. கணவர் மெடிக்கல் ரெப். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் ஆபீஸில் எல்லோருக்கும் எம்பிடிஐ என்ற ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். நம் பதில்களை வைத்து, பதினாறு வகையில் நாம் எந்த வகை என்று நாலு எழுத்தில் சொல்கிற தேர்வு அது. எனக்கு ‘ஐஎன்எஃப்ஜே’ வந்தது. அவரையும் இணையத்தில் எழுத வைத்தேன், ‘ஈஎஸ்டிபி’. இரண்டும் ஒத்தே வராது என்று பல இடங்களில் படித்தேன். ஞாயிறானால் அவருக்கு வீடு நிறைய ஆட்கள் வேண்டும். எனக்கோ அரை மணியில் தலை வலிக்கிறது. அறைக்குள் போனால், “உன் மூஞ்சியைப் பார்த்தால் யார் வருவார்கள்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார். இந்த முடிவைப் பார்த்து மேலாளரும் இனி என்னை கிளையன்ட் மீட்டிங்குக்கு அனுப்பப் போவதில்லை என்கிறார். நாங்கள் பொருந்தாத ஜோடிதானா?

பதில்: இல்லை, சகோதரி. பத்துப் பொருத்தம் பார்த்து நடந்த கல்யாணத்துக்கு, நான்கு வருடம் கழித்து பதினாறு வகையை வைத்து இன்னொரு பொருத்தம் பார்க்கத் தேவையில்லை.

இந்தத் தேர்வு பிறந்த கதை உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ் என்று ஓர் அம்மா. மகள் இசபெல் விரும்பி அழைத்துவந்த கிளாரன்ஸ் மையர்ஸ், அந்த வீட்டு ஆட்களின் சுபாவத்துக்கு முற்றிலும் வேறானவர். இந்தப் பிள்ளையைப் புரிந்துகொள்ள வேண்டுமே என்ற யோசனைதான் கேதரினை மனிதர்களின் குணவகைகள் பக்கம் இழுத்தது. கல்யாணமும் 1918-இல் நடந்தது. பிறகு சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் குணவகைகள் பற்றி 1921-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தார்கள். 1940-களில் இசபெல் வினாத்தாளை உருவாக்கினார். வேறு மாதிரியான ஒருவரைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளப் பார்த்த முயற்சி அது. இன்று அதையே ஆளைக் கழிக்கப் பயன்படுத்துவதுதான் எனக்கு வருத்தம்.

தாயும் மகளும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்லர். தேர்வு ஆட்களை, உள்ளொடுங்கியவர் என்றால் ‘ஐ’, கலகலப்பானவர் என்றால் ‘ஈ’ என்று இரண்டு கூடையில் போட்டுவிடுகிறது. ஆனால் நிறைய பேர் நடுவில்தான் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு பதில் மாறினாலே எழுத்து மாறலாம். சில வாரம் கழித்து மறுபடி எழுதி வேறு வகை வந்தவர்கள் ஏராளம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். உங்கள் தலைவலி பொய் இல்லை. கூட்டம் சிலருக்குத் தெம்பு, சிலருக்கு அசதி. அவர் பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். ஆறு நாளும் டாக்டர் அறை வாசலில் காத்திருந்து, விற்பனைக்காகச் சிரித்துப் பேசுகிறவர். கணக்குப் பார்க்காமல் பேச அவருக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அதனால் ஆட்கள் வருவதை மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். வந்தவர்களோடு முதல் ஒரு மணி நேரம் நீங்களும் உட்காருங்கள். கூட்டமாகப் பேச வராவிட்டால் யாராவது ஒருவரோடு பேசுங்கள். அப்புறம் நீங்கள் அறைக்குள் போவது முன்பே பேசி வைத்ததாக இருக்கட்டும். “அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும்” என்று அவரே சொல்லட்டும்.

ஆனால் ‘மூஞ்சி’ பேச்சை எந்த எழுத்திலும் சேர்க்காதீர்கள். அது சுபாவம் இல்லை, மரியாதைக் குறைவு. கலகலப்பானவர்கள் எல்லோரும் மனைவியை நாலு பேர் முன்னால் அப்படிப் பேசுவதில்லை. ஆட்கள் இல்லாத ஒரு மாலையில், “எனக்கு அது வலித்தது, இனி சொல்லாதீர்கள்” என்று நேராகச் சொல்லுங்கள். அவர் ‘நான் அப்படித்தான்’ என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஆபீஸிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆள் எடுக்க இந்தத் தேர்வைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. மேலாளரிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். இதுவரை நீங்கள் போன மீட்டிங்குகளில் எந்தக் குளறுபடியைக் கண்டுபிடித்தீர்கள், எந்த கிளையன்ட் மறுபடி உங்களையே கேட்டார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அடுத்த மீட்டிங்குக்கு என்னை அனுப்புங்கள் என்று தேதியோடு கேளுங்கள்.