எம்.ஜி. மிட்ஜெற் காருக்குப் பாவித்த கியர்பொக்ஸ் வாங்கும்போது எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

உங்கள் பெரியப்பா விட்டுச்சென்ற 1968ஆம் ஆண்டு மிட்ஜெற்றில் இரண்டாம் கியர் விழும்போது பல் கடிபடும் சத்தம் கேட்பதாகவும், மூன்றாம் கியர் ஓட்டத்திலேயே தானாகக் கழன்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சுன்னாகத்தில் 1098 சீசீ மொறிஸ் மைனரின் கியர்பொக்ஸ் ஒன்றும், கொழும்பில் ஒஸ்ரின் ஹீலி ஸ்ப்றைற்றின் கியர்பொக்ஸ் ஒன்றும் விலைக்கு இருக்கின்றன, எதை வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. கொக்குவிலில் அப்பா நடத்திவந்த கராஜில் பழைய இங்கிலாந்துக் கார்களோடு வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மிட்ஜெற்றின் இரட்டைப் பிறவியான ஸ்ப்றைற்றினதை வாங்குங்கள், ஆனால் அதன் பக்க மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கும்வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

மொறிஸ் மைனரும் மிட்ஜெற்றும் ஒரே ஏ-வரிசை எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், மைனரின் கியர்பொக்ஸ் அப்படியே பொருந்தும் என்று விற்பவர் சொல்லியிருப்பார். அதில் பாதி உண்மை. மைனரின் கிளச் இரும்புத் தண்டு இணைப்பால் இயங்குவது. உங்களுடையதோ எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது, அதற்கான சிலிண்டர் கியர்பொக்ஸின் முன்கூட்டிலேயே பூட்டப்படுகிறது. பற்சில்லுகளின் விகிதமும் வேறு. மைனரின் முதற் கியர் 3.63, இரண்டாவது 2.17, மிட்ஜெற்றில் அவை 3.2, 1.92. வாடகைக் காராக ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி ஓடிய மைனருக்கு அந்தக் குறுகிய முதற் கியர் உதவியது. மேடென்று சொல்ல ஒன்றுமில்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில், இலேசான ஒரு மிட்ஜெற்றுக்கு அது தேவையில்லை. புறப்பட்ட உடனேயே கியர் மாற்றச் சொல்லி எஞ்சின் கத்தும். ஸ்ப்றைற்றினதும் 1962இற்குப் பிந்தியதா என்று பாருங்கள். பிந்தியவற்றின் வெளிக்கூட்டில் வரிவரியாக விலா எலும்பு போன்ற பட்டைகள் இருக்கும்; 948 சீசீ காலத்து வழுவழுப்பான கூடு உங்கள் 1275 சீசீ எஞ்சினின் முறுக்கைத் தாங்கி நெடுநாள் உழைக்காது.

இனி உள்ளே பார்ப்பது பற்றி. சில ஆண்டுகளுக்கு முன் நான் கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய கியர்பொக்ஸ் வெள்ளி நிறம் பூசிப் புதிதுபோல இருந்தது. கையால் சுற்றியபோது சத்தமே இல்லை. கொண்டுவந்து பூட்டிப் பலாலி வீதியால் உரும்பிராய்வரை ஓட்டியபோது, நாலாம் கியரில் அமைதியாகவும் மற்ற மூன்றிலும் ஊளையிட்டுக்கொண்டும் வந்தது. மிட்ஜெற்றிலும் ஸ்ப்றைற்றிலும் எஞ்சினை இறக்காமல் கியர்பொக்ஸை வெளியே எடுக்க முடியாது என்பதால், இரண்டு நாள் வேலையை மறுபடியும் முதலிலிருந்து செய்தோம். திறந்தால், உள்ளே கெட்டிக் கிறீசை அப்பிச் சத்தத்தை அடக்கியிருந்தார்கள். கீழ்ப் பற்சில்லுத் தொகுதியைத் தாங்கும் கீழ்த்தண்டை உருவி எடுத்து வெயிலில் பிடித்தேன்: ஊசிபோல் மெல்லிய உருளைகளாலான ஊசி பெயாறிங்குகள் உருளும் இடத்தில் உருக்கின் மேற்தோல் உரிந்து, அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக இருந்தது; நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் தடக்கியது. நாலாம் கியர் நேரடியாகச் செல்வதால் கீழ்த்தண்டின் மேல் பாரம் விழுவதில்லை. அதனால்தான் அதில் மட்டும் சத்தம் கேட்கவில்லை.

பக்க மூடியைக் கழற்றியதும், கீழே கிடக்கும் பற்சில்லுத் தொகுதியை ஒரு மரக்குச்சியால் நெம்பி மேலே தூக்கிப் பாருங்கள். மேலுங் கீழும் அசைந்தால் தண்டும் ஊசி பெயாறிங்குகளும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். ஆனால் அதற்காக மட்டும் அந்தக் கியர்பொக்ஸை ஒதுக்கிவிட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கீழ்த்தண்டு, பெயாறிங்குகள், கியர் மாறும்போது பற்சில்லுகளின் வேகத்தை இசைவாக்கும் பித்தளை வளையங்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து இன்றும் புதிதாக வருவிக்கக்கூடியவை. தேட வேண்டியது உடையாத பல்லைத்தான். முதற் கியருக்கு இந்தக் கார்களில் இசைவாக்கி கிடையாது. கார் முழுதாக நிற்கும் முன்னரே அவசரப்பட்டு அதைத் தள்ளியவர்களால் நேர்ப்பற்களின் ஓரங்கள் சிதைந்திருக்கும். அந்தப் பற்கள் ஒன்றிரண்டாம் கியர்களின் நடுச்சில்லிலேயே வெட்டப்பட்டவை என்பதால், மாற்றுவதென்றால் முழுத் துண்டையும் மாற்ற வேண்டும். செலவு அங்கேதான் ஏறும். ஒவ்வொரு பல்லையும் விளக்கு வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுங்கள்.

உங்களுடைய பழைய கியர்பொக்ஸை எக்காரணங்கொண்டும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். இரண்டாம் கியர் கடிபடுவதற்குத் தேய்ந்த பித்தளை வளையமே பெரும்பாலும் காரணம். மூன்றாவது கழல்வதற்குத் தளர்ந்த சுருள்வில்லோ கியரைத் தள்ளும் தேய்ந்த கவையோ பூட்டுப் பற்களோ காரணமாக இருக்கலாம். இரண்டு கியர்பொக்ஸையும் மேசையில் பிரித்து வைத்து நல்ல துண்டுகளைத் தெரிந்தெடுத்து ஒன்றாக்குவதுதான் எங்கள் கராஜின் வழக்கம். 1990களில் பெற்றோல் வராமல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில், அப்பா பல ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் இந்த வழியால்தான் றோட்டில் வைத்திருந்தார்.

நிஸான் சன்னியின் ஐந்து கியர்ப் பெட்டியைப் பொருத்தச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். இணைப்புத் தட்டு, புதிய தண்டு எல்லாம் வரும், காரின் தளத்தில் வெட்டு வேலையும் வரக்கூடும். பெரியப்பாவின் காரை வெட்ட நான் சம்மதிக்கமாட்டேன்.

பூட்டும்போது கிளச் தட்டையும், கிளச்சை அழுத்தும் கரி வளையத்தையும் புதிதாகப் போடுங்கள். இன்னொரு தடவை எஞ்சினை இறக்க நேரக்கூடாது. ஒயில் விடயத்தில் பலர் தவறிழைக்கிறார்கள். இந்தக் கியர்பொக்ஸுக்கு உரியது எஞ்சின் ஒயில்தான், 20டபிள்யூ-50 போதும், ஏறக்குறைய 1.3 லீற்றர் பிடிக்கும். பின் அச்சுக்கு ஊற்றும் 90ஆம் இலக்கக் கெட்டி ஒயிலை இதற்குள் ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை வளையங்களைத் தின்னக்கூடும். முதல் முந்நூறு மைல் ஓடியதும் அந்த ஒயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். மஞ்சளாக மினுங்கும் பித்தளைத் தூள் கொஞ்சம் இருந்தால் பயமில்லை, அது புது வளையங்கள் பதிவதால் வருவது. காந்தத்தில் ஒட்டும் செதில் ஒன்று கிடைத்தாலும் காரை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.